மழை வந்தால் நின்றுபோகும் போர்டு

ஒரு சாதனம் வேலை செய்யவில்லை என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் வோல்டேஜைத் திட்டுவார்கள். அடுத்தது எர்த். அதற்கும் அடுத்தது எலி. புரோகிராம் எழுதியவரை யாரும் திட்டுவதில்லை, அவர் கண்ணில் படுவதில்லை என்பதால். நான் அந்தக் கண்ணில் படாத கூட்டத்தைச் சேர்ந்தவள். மைக்ரோகண்ட்ரோலர் என்று சொல்லப்படும் விரல்நகத்தளவு சில்லுக்குள் ஓடும் புரோகிராமை எழுதுவதும், மற்றவர்கள் எழுதி வைத்த குளறுபடிகளைத் திருத்துவதும்தான் என் பிழைப்பு. தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரிச் சாலைக்குப் பின்புறம் ஒரு மாடி அறை, ஒரு மேசை, சால்டரிங் சாமான்கள், ஒரு லேப்டாப். பெங்களூரில் இருந்தபோது கார்களுக்கு எழுதினேன். இப்போது பம்புசெட்டுக்கும் அரிசி ஆலைக்கும் தேங்காய் உலர்த்திக்கும் எழுதுகிறேன். காரைவிட இது கடினமான வேலை. கார்க்காரர் கையேட்டைப் பிரிக்காவிட்டாலும் காரை மதிப்பார். இங்கே சில்லு பொருத்திய போர்டு இருக்கும் பெட்டியின் மேல் துண்டு காயப்போடுவார்கள், அது காய்ந்ததும் அரிவாளை மாட்டுவார்கள். அதற்கும் தாங்குகிற மாதிரி எழுத வேண்டும். நான் எழுதுவது தாங்கும். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் அறுத்து, அடுத்தவர் களத்தில் நெல் காயவைத்தவர்கள். அதனால் ஈர நெல்லைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறவர்களின் முகம் எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தை மாதம் சம்பா அறுவடைக்கு நடுவே மழை பிடித்துக்கொண்டது. ஒரத்தநாட்டைத் தாண்டி, பட்டுக்கோட்டை சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு ஊரில் விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து பொதுவில் ஒரு நெல் உலர்த்தி வாங்கி வைத்திருந்தார்கள். அதை இயக்குகிற அண்ணன் ஒரு நாள் காலையில் போன் செய்தார்.

"மேடம், ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போயிடுங்க. மழ வந்தா போர்டு அப்டியே நின்னுடுது. சூடு ஏறிக்கிட்டே போகுது, அது பாட்டுக்குக் கெடக்கு."

"மழை வந்தா மட்டுந்தானா?"

"வெயில்ல தங்கமா ஓடுது மேடம். வானம் இருட்டுனாப் போதும், படுத்துடும்."

செய்து கொடுத்த வெளியூர்க் கம்பெனி என்ன சொல்கிறது என்று கேட்டேன்.

"ஈரம் எறங்குதுங்கறாங்க, வோல்டேஜுங்கறாங்க. போர்டையே மாத்திக் குடுத்தாங்க. அதுவும் அப்டித்தான் நிக்குது."

போர்டை மாற்றியும் அதே கோளாறு வந்தால் கோளாறு போர்டில் இல்லை. இரண்டு போர்டிலும் பொதுவாக இருப்பது உள்ளே ஓடும் புரோகிராம் ஒன்றுதான். ஸ்கூட்டரைக் கிளப்பும்போதே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. ஆனால் புரோகிராமுக்கு மழை பெய்வது எப்படித் தெரியும் என்கிற மீதிப் பாதி கல்லணைக் கால்வாயைக் கடக்கும்வரை என்னைக் குடைந்துகொண்டே வந்தது.

உலர்த்தி ஒரு தகரக் கொட்டகைக்குள் இருந்தது. ஒரு பெரிய இரும்புத் தொட்டி, அதன் அடித்தளம் முழுக்கப் பொத்தல். கீழே உமி அடுப்பு. அடுப்பின் சூட்டை ஒரு பெரிய மின்விசிறி இழுத்து, பொத்தல் வழியாக நெல்லுக்குள் ஊதும். அடுப்புக்கு உமி தள்ள ஒரு சின்ன மோட்டார். காற்று எவ்வளவு சூடாக இருக்கிறது என்று ஒரு சென்சார் பார்க்கும், சூடு கூடினால் போர்டு உமி மோட்டாரை நிறுத்தும், குறைந்தால் ஓட்டும். அவ்வளவுதான் அதற்கு வேலை.

அண்ணன் போர்டைப் பாலிதீன் பையில் சுற்றி, பக்கத்தில் கோழிக்குஞ்சுக்கு வைப்பதுபோல ஒரு குண்டு பல்பையும் எரியவிட்டிருந்தார். ஈரம் அண்டாமல் இருக்கவாம். கொட்டகைச் சுவரில் சிவப்பு எழுத்தில், 'நெல் நிலவரம் அறிய மிஸ்டு கால் கொடுங்கள்' என்று ஒரு போன் நம்பர் எழுதியிருந்தது. போர்டுக்குள்ளேயே ஒரு சிம் இருந்தது. யாராவது ஒரு ரிங் விட்டால் அது தானாகக் கட் செய்துவிட்டு, இப்போது சூடு எவ்வளவு என்று எஸ்.எம்.எஸ். அனுப்பும். போன் கால் எல்லாம் இலவசமாகி எத்தனையோ காலம் ஆகியும் எங்கள் ஊர்களில் மிஸ்டு கால் பழக்கம் போகவில்லை. பேச வேண்டியிருந்தால்கூட முதலில் ஒரு ரிங் விட்டுப் பார்ப்பார்கள். அந்த ஏற்பாட்டில் அண்ணனுக்கு ரொம்பப் பெருமை.

தொட்டிக்குப் பக்கத்தில் சாக்குக் கட்டின் மேல் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத் தொட்டியில் இருந்தது முழுக்க அவருடைய நெல். குத்தகை நிலத்தில் போட்டது. சாப்பாட்டுக்கு இல்லை, விதைக்கு. வயலில் கதிர் வந்த நாளிலிருந்து கலவன் பயிரைத் தானே குனிந்து குனிந்து பிடுங்கி, வேறு ரகம் ஒன்றுகூடச் சேராமல் வளர்த்தாராம். அடுத்த சம்பாவுக்கு அவரிடம்தான் விதை வாங்குவதாக அந்தத் தெருவிலேயே பலர் சொல்லி வைத்திருந்தார்கள்.

"அதிகமா சூடு காட்டிடாதீங்கம்மா. வெதப்புக்கு உள்ளது" என்று என்னிடம் சொன்னார், நான்தான் அடுப்பு எரிக்கிறேன் என்பதுபோல.

விதை நெல் விவகாரம் அப்படி. சாப்பிடும் நெல்லில் சூடு கூடினால் அரைக்கும்போது நொய் விழும், அதோடு போய்விடும். விதை நெல்லில் கூடினால் உள்ளே இருக்கும் முளை செத்துவிடும். செத்தது வெளியே தெரியாது. நிறம் அதே நிறம், எடை அதே எடை. நாற்றங்காலில் போட்ட பிறகுதான் தெரியும். அதற்குள் எல்லாம் கைமீறிப் போயிருக்கும்.

நான் முதலில் வோல்டேஜ் பார்த்தேன், நன்றாக இருந்தது. எர்த் பார்த்தேன், நன்றாக இருந்தது. எலி இல்லை. பிறகு பாலிதீனை அவிழ்த்துவிட்டு, அண்ணன் வாங்கி வந்த டீயை அந்தச் சூட்டோடு போர்டுக்குக் கீழே பிடித்தேன். ஆவி நேராக அதன்மேல் ஏறியது. அண்ணன் முகம் வெளிறிவிட்டது. போர்டு பாட்டுக்கு ஓடியது. ஈரக் கட்சி அத்தோடு தோற்றது. டீயைக் குடித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

புரோகிராமின் மூல வரிகளைச் சங்கத்துத் தலைவர் கம்பெனியோடு சண்டை போட்டு வாங்கி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. "இதுல ஒண்ணும் இல்லீங்க, உங்க ஊரு கரண்டுதான் சரியில்ல" என்று சொல்லித்தான் அந்தக் கம்பெனி இன்ஜினியர் அதை அனுப்பியிருந்தாராம். படிக்கப் படிக்க எனக்குக் கோபம் ஏறியது. எங்கே ஏறியது என்று சொல்ல வேண்டுமானால் இன்டரப்ட் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

சில்லு ஒரே வேலையைத்தான் சுற்றிச் சுற்றிச் செய்யும். சூட்டைப் பார், திரையில் எழுது, உமி மோட்டார் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய், மறுபடியும் சூட்டைப் பார். இந்தச் சுற்றில் போய்க்கொண்டிருக்கும்போது வெளியே ஏதாவது நடந்தால் அதற்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு சுற்றிலும் போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் சில்லின் கம்பிக் கால்களில் ஒன்றைத் தனியாக ஒதுக்கி வைப்போம். போன் அடித்தால் அந்தக் காலில் மின்னழுத்தம் மாறும். மாறிய உடனே, புரோகிராமைக் கேட்காமலே, சில்லின் உள்கட்டமைப்பே வேலையை நிறுத்தும். எந்த வரியில் விட்டோம் என்று குறித்து வைத்துக்கொள்ளும். போன் வந்தால் எங்கே போக வேண்டும் என்கிற முகவரி ஒரு அட்டவணையில் தயாராக இருக்கும், அங்கே தாவும். அந்த வேலை முடிந்ததும் குறித்து வைத்த இடத்துக்குத் திரும்பி, ஒன்றுமே நடக்காத மாதிரி தொடரும். இதுதான் இன்டரப்ட்.

நான் வீட்டில் குழம்பைத் தாளித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் கொரியர் பெல் அடித்தால் என்ன செய்வேன்? அடுப்பைத் தணித்துவிட்டு ஓடுவேன், கையெழுத்துப் போடுவேன், பொட்டலத்தை மேசைமேல் போட்டுவிட்டு ஓடி வருவேன். பொட்டலத்தைப் பிரிப்பதெல்லாம் பிறகு. வாசலில் நின்றே பிரித்து, உள்ளே இருக்கும் புடவையை உதறிப் பார்த்து, கலர் மாறி வந்திருக்கிறது என்று கடைக்காரருக்குப் போன் போட்டுச் சண்டையும் போட்டுவிட்டு வந்தால் குழம்பு என்ன ஆகும்? இன்டரப்ட் எழுதுவதில் முதல் பாடமே இதுதான். போனோமா, வந்தோமா என்று இருக்க வேண்டும்.

அந்தக் கம்பெனிக்காரர் வாசலிலேயே நின்று சண்டை போடுகிறவர். மிஸ்டு கால் வந்தவுடன் தாவிப் போகிற இடத்திலேயே அத்தனையையும் எழுதியிருந்தார். அழைப்பைக் கட் செய், கூப்பிட்டவர் நம்பரை வாங்கு, எஸ்.எம்.எஸ்.ஸை எழுது, அனுப்பு, போய்ச் சேர்ந்தது என்று டவர் சொல்லும்வரை காத்திரு. எல்லாம் இன்டரப்டுக்குள்ளேயே. அதுவரைக்கும் சூட்டைப் பார்க்க ஆள் கிடையாது.

என் போனிலிருந்து ஒரு ரிங் விட்டேன். போர்டின் சின்னத் திரையில் சூட்டுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த நொடி எண் நின்றது. சில நொடிகள் நின்றுவிட்டு மறுபடி ஓடியது. என் போனுக்கு எஸ்.எம்.எஸ். வந்தது.

"அது எப்பவும் இப்டி ஒரு சிணுக்கம் சிணுங்கும் மேடம். ஒண்ணும் பண்ணாது" என்றார் அண்ணன்.

அவர் சொன்னதும் சரிதான். சில நொடியில் நெல் வெந்துவிடாது. புரோகிராமில் ஓட்டை இருக்கிறது, ஆனால் இவ்வளவு பெரிய நோய்க்கு இது சின்ன ஓட்டையாக இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா ஆட்டைக் கட்டிவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்குக் கிளம்பினார். சாப்பாட்டு நேரம் கழிந்து, தெற்கே கடல் பக்கத்திலிருந்து மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு சொட்டு விழவில்லை.

திரையில் நொடி எண் நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது திரும்ப ஓடவில்லை.

அண்ணன் பாலிதீனை எடுக்க ஓடினார். நான் சிம் இருக்கும் பக்கத்தைப் பார்த்தேன். கால் வந்தால் மின்னும் சின்ன விளக்கு மின்னியது, அணைந்தது, மறுபடி மின்னியது. என் போனிலிருந்து அந்த நம்பரை அடித்தேன். பிஸி. மறுபடி அடித்தேன். பிஸி.

அப்போதுதான் மீதிப் பாதி எனக்கு விளங்கியது. வானம் இருட்டியதும் மழைக்கு முன்னால் வருவது போன். வயலில் நெல் கிடக்கிறவர்கள், களத்தில் குவித்து வைத்தவர்கள், அடுத்த முறைக்குக் காத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு ரிங் விட்டுப் பார்க்கிறார்கள். தொட்டி எப்போது காலியாகும், இருக்கிற நெல் காய்ந்துவிட்டதா, நம்முடையதைக் கொண்டுவரலாமா. லைன் கிடைக்காதவர்கள் விடாமல் அடிக்கிறார்கள். சில்லு ஒரு அழைப்புக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு அழைப்பு வந்து நிற்கிறது. இன்னொன்று காத்திருக்கிறது என்று ஒரு சின்ன அடையாளம் மட்டும் உள்ளே இருக்கும். முதல் வேலையை முடித்துத் திரும்பினால், சூட்டைப் பார்க்கும் சுற்றில் ஒரே ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் மறுபடி வாசலுக்கு ஓட வேண்டியிருக்கிறது. போர்டு உறையவே இல்லை. ஓயாமல் ஓடுகிறது, நெல்லைப் பார்க்க மட்டும் அதற்கு நேரமில்லை.

இந்த மாதிரி சிக்கிக்கொண்டால் சில்லைத் தட்டி எழுப்ப வாட்ச்டாக் என்று ஒன்று உண்டு. நான் ஒழுங்காக இருக்கிறேன் என்று புரோகிராம் அதற்கு அவ்வப்போது சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அது எல்லாவற்றையும் அணைத்து முதலிலிருந்து கிளப்பும். அந்த மகானுபாவர் அதையும் எஸ்.எம்.எஸ். அனுப்பும் இடத்தில்தான் சொல்ல வைத்திருந்தார். ஒவ்வொரு கால் வரும்போதும் வாட்ச்டாக்குக்கு எல்லாம் நலம் என்று செய்தி போனது.

நான் பையிலிருந்து என் தெர்மாமீட்டரை எடுத்து, தொட்டிக்கு அடியில் காற்று போகும் அறையின் துளைக்குள் விட்டேன். திரையில் இருந்த எண்ணைத் தாண்டி அது ஏறிக்கொண்டே போனது. உமி மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதே சமயம் அண்ணனின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் அக்காவின் குரல்.

"நாப்பத்தொண்ணுன்னு மெசேஜ் வந்துருக்கு. சரியாத்தானே இருக்கு?"

திரையிலும் நாற்பத்தொன்றுதான் நின்றிருந்தது. கடைசியாகப் பார்த்த சூடு அது. அதையேதான் அது ஊருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தது.

"அண்ணே, உமி மோட்டார அமத்துங்க. மெயின்லயே அமத்துங்க. அடுப்பு வாய மூடுங்க. ஃபேன் மட்டும் ஓடட்டும்" என்றேன். அண்ணன் ஒரு கேள்வி கேட்காமல் செய்தார். வெளிக்காற்று வந்து தெர்மாமீட்டர் எண் இறங்கத் தொடங்கியது. எனக்குப் பயம் இல்லை, ஆத்திரம். அந்த இன்ஜினியர் பக்கத்தில் இருந்திருந்தால் அவர் தலையிலேயே அந்த லேப்டாப்பை உடைத்திருப்பேன்.

மழை ஊற்றத் தொடங்கியது. அக்கா தலைமேல் உரச்சாக்கைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். தொட்டிக்குள் கையை விட்டு, அடி நெல்லைத் துழாவி எடுத்து, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். சூடாக இருந்திருக்கும்.

அண்ணன் அவரிடம் விளக்கினார். அவருக்குப் புரிந்த வகையில். "நீங்கள்லாம் மாத்தி மாத்திக் கூப்ட்டுத்தான் இது படுத்துச்சாம். மழைல்லாம் இல்லியாம்." சொல்லிவிட்டு ஒரு ஈரச் சாக்கை எடுத்துச் சுவரில் எழுதியிருந்த நம்பரைத் தேய்க்கப் போனார்.

"அண்ணே, அத அழிக்காதீங்க" என்றேன்.

"கூப்ட்டாத்தானே மேடம் வம்பு?"

"கூப்பிடத்தான் செய்வாங்க. மழை வந்தா நெல்லு என்னாச்சுன்னு கேக்காம பின்ன எப்ப கேப்பாங்க? கேக்கும்போது தாங்கலேன்னா அது என்ன மிஷினு? மிஷினத்தான் திருத்தணும், ஊர இல்ல."

இதைச் சொல்லும்போது அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொட்டியில் இருந்த நெல் இன்னும் முழுதாகக் காயவில்லை. அப்படியே விட்டால் பூஞ்சை பிடிக்கும். வெளியே எடுத்துக் கொட்ட ஒரு அடி காய்ந்த இடம் அந்த ஊரில் கிடையாது. செத்தது எவ்வளவு, பிழைத்தது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, ஆனால் பிழைத்தது இருந்தால் அதையும் அன்றைக்கே காப்பாற்றியாக வேண்டும். அக்காவிடம் நேராகவே சொன்னேன். "பொழுது சாயறதுக்குள்ள சரி பண்ணிடுவேன்க்கா. மறுபடி இதுலயே காய வைங்க." அவர் தலையாட்டினார். வேறு வழியும் இல்லை.

சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்தே எழுதினேன். எனக்கு இது புதிய வேலை இல்லை, விரல் தானாகப் போகும். கால் வந்தால் தாவிப் போகிற இடத்தில் இருந்த அத்தனை வரிகளையும் அழித்தேன். 'யாரோ கூப்பிட்டார்கள்' என்று ஒரு குறி வைப்பதோடு சரி, உடனே திரும்ப வேண்டும். பதில் எழுதுவதைச் சுற்றுக்குள் கொண்டுவந்து துண்டு துண்டாகப் பிரித்தேன். சூட்டைப் பார்த்து முடித்த பிறகு நேரமிருந்தால் ஒரு துண்டு, அடுத்த சுற்றில் அடுத்த துண்டு. டவருக்காக எந்த இடத்திலும் காத்திருக்காது. சூட்டுக்கு ஒரு டைமரைத் தனியாக வைத்தேன். நொடிக்கு நொடி அது தானே இன்டரப்ட் கொடுக்கும், பார்க்கும் நேரம் வந்துவிட்டது என்று. வாட்ச்டாக்குக்கு நலம் சொல்வதை, சூட்டைப் பார்த்து மோட்டாரையும் முடிவு செய்த பிறகு வருகிற ஒரே இடத்துக்கு மாற்றினேன். எஸ்.எம்.எஸ்.ஸில் ஒரு வரி கூடச் சேர்த்தேன். இந்தச் சூடு எத்தனை நொடிக்கு முன் பார்த்தது என்று. பழைய எண்ணை வைத்துக்கொண்டு இனி யாரையும் அது ஏமாற்ற முடியாது.

கேபிளை மாட்டி, புது புரோகிராமை ஏற்றினேன். மழை விட்டிருந்தது. நெல் என்ன ஆனது என்று கேட்கப் பத்துப் பன்னிரண்டு பேர் கொட்டகைக்கு வந்திருந்தார்கள். அவர்களிடம் சொன்னேன், "எல்லாரும் போன எடுங்க. நான் சொல்றவரைக்கும் விடாம ரிங் விடுங்க."

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு நேரம் அதுதான் குற்றம் என்று அண்ணன் சொல்லக் கேட்டவர்கள். பிறகு அடிக்கத் தொடங்கினார்கள். வராதவர்களுக்கும் போன் போட்டு அடிக்கச் சொன்னார்கள். சின்ன விளக்கு அணையாமல் மின்னியது. அண்ணன் என் தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு எண்ணைச் சத்தமாக வாசித்தார், நான் திரையில் இருந்ததை வாசித்தேன். இரண்டும் ஒன்றாகவே ஏறின. ஏறி, எல்லையைத் தொட்டதும் உமி மோட்டார் நின்றது. இரண்டும் ஒன்றாகவே இறங்கின. நொடி எண் ஒரு தடவைகூட நிற்கவில்லை. பதில்கள் மட்டும் மெதுவாக, வரிசையில் வந்தன.

"லேட்டா வருதே" என்றார் ஒருவர்.

"லேட்டாத்தான் வரும். நெல்லப் பாத்துட்டுதான் உங்களுக்குச் சொல்லும்" என்றேன். சிரித்தார்கள். எனக்கும் நெஞ்சு நிறைந்திருந்தது. அந்தக் கூட்டத்தில் அக்கா ஒருத்தர்தான் போனைத் தொடவில்லை. முந்தானைக்குள் மடித்து வைத்துக்கொண்டு தொட்டியின் ஓரத்தில் நின்றார்.

அன்றைக்கே நெல் பதமாகக் காய்ந்தது. ஆனால் முளைக்குமா என்பதை உடனே பார்க்க முடியாது. புதிதாக அறுத்த நெல் கொஞ்ச காலம் தூங்கும், அதற்குள் நனைத்து வைத்தால் நல்ல நெல்கூட முளைக்காமல் படுத்துக்கொண்டு பயமுறுத்தும். சில வாரங்கள் போகட்டும் என்றார் அக்கா. தொட்டியின் மேலே இருந்த நெல்லையும் அடியில் இருந்ததையும் தனித்தனி மூட்டையாகப் பிடித்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். சூடு முதலில் தாக்குவது அடி நெல்லைத்தான்.

அதற்குப் பிறகு அண்ணன் போன் செய்யும்போதெல்லாம் போர்டு நன்றாக ஓடுகிறது என்பார். மாசியிலும் ஒரு மழை வந்தது, ஊரே அடித்துத் தள்ளியதாம், அசையவில்லையாம். அக்காவைப் பற்றிக் கேட்டால், "அவங்க போன அமத்தியே வச்சுருக்காங்க மேடம். சிங்கப்பூர்லேர்ந்து மகன் எனக்குக் கூப்ட்டு, அம்மாவுக்கு என்னாச்சுன்னு கேக்குறாப்ல" என்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன் பழுதாகியிருக்கும் என்று நினைத்தேன்.

மாசி முடியும் சமயம் அண்ணனின் போனிலிருந்து அக்கா பேசினார். "மொளப்பு பாக்கப் போறேன். நீங்களும் பக்கத்துல இருந்தாத் தேவலாம்."

போனேன். வீட்டுக்குப் பின்னால் வைக்கோலுக்கு அடியில் இரண்டு சாக்குப் பொட்டலங்களை வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு படி நெல். ஊறவைத்து, வடிகட்டி, கட்டி, மேலே கல் ஏற்றி வைத்தது. முதலில் அடி நெல் பொட்டலத்தைப் பிரித்தார். அங்கங்கே ஒன்றிரண்டு முளை. மற்றதெல்லாம் ஊதி, நொசநொசத்து, புளித்த வாடை. அவர் அதைக் கலைக்காமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இரண்டாவது பொட்டலத்தின் மேல் கை வைத்தார், முடிச்சை அவிழ்க்கவில்லை.

"அன்னிக்கு எத்தன தடவ கூப்ட்டேன்னு எனக்கே தெரியாதும்மா" என்றார். "வீட்லேர்ந்து கூப்ட்டேன். ஆடு கட்டுற எடத்துல நின்னு கூப்ட்டேன். ஒவ்வொரு தடவையும் நல்லாருக்குன்னே வந்துச்சு. அந்த வார்த்தைக்காகவே மறுபடி மறுபடி கூப்ட்டேன். பாத்துப் பாத்து வளத்து, நானே கொன்னுட்டேன்ல."

இத்தனை வாரமும் இந்த மனுஷி இதைச் சுமந்துகொண்டு, பெற்ற பிள்ளையோடுகூடப் பேசாமல் போனை அணைத்து வைத்திருந்திருக்கிறார். அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவர் காதில் ஏறவில்லை.

"அக்கா, இங்க பாருங்க" என்றேன். "நீங்க கேட்டது தப்பே இல்ல. உங்க நெல்லு, நீங்க கேக்காம யாரு கேப்பா? பதில் சொல்ற அவசரத்துல நெல்லப் பாக்காம விட்டுச்சே, அதுதான் தப்பு. அப்டி எழுதுனவன் தப்பு. அன்னிக்கு நீங்க ஒருத்தர் கூப்பிடாம இருந்தாலும் ஊரு கூப்ட்டுருக்கும்."

"என்னால இல்லியா?"

"இல்ல."

"சும்மா ஆறுதலுக்குச் சொல்லலியே?"

"இது என் தொழில்க்கா. இதுல எனக்கு ஆறுதலுக்குச் சொல்லத் தெரியாது."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு இரண்டாவது முடிச்சை அவிழ்த்து, சாக்கை ஓரமாகத் தள்ளினார். நெல் தெரியவில்லை. வெள்ளை முளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரே கட்டியாக எழும்பியிருந்தன. மேல் நெல் அத்தனையும் பிழைத்திருந்தது.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்து அந்தக் குவியலுக்குள் அழுத்தினார். உள்ளே கதகதவென்று இருந்தது. திடுக்கிட்டு அவரைப் பார்த்தேன்.

"பயப்படாதீங்க" என்றார். "இது அதோட சொந்தச் சூடு. உசுரு இருந்தாத்தான் வரும்."